பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை மறுபடி ஓட வைப்பது எப்படி?

இந்த வழிகாட்டி, ஏறத்தாழ 1998 முதல் 2005 வரை வீடுகளுக்கு வந்த அசெம்பிள்டு டெஸ்க்டாப்களுக்கானது. இன்டெல் 810 அல்லது 845 சிப்செட் போர்டு, செலரான், பென்டியம் 3 அல்லது பென்டியம் 4, 128 அல்லது 256 எம்பி ராம், 20 அல்லது 40 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி. சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி, தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி என்றால் அநேகமாக இந்த வகைதான். பிராண்டட் பெட்டிகளுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும். ஆனால் சில நிறுவனங்கள் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) கனெக்டரின் வயர் வரிசையைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றியிருக்கின்றன. அதனால் அவற்றில் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டும் முன் வயர் நிறங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டியை இறக்கித் துடைத்ததும் பிளக்கைச் சொருகத்தான் கை போகும். சொருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சிறு உருளைகள்) உலர்ந்திருந்தால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதிகமாக வந்து போர்டையே கொன்றுவிடும். போர்டின் மேல் பல்லி செத்துக் காய்ந்திருந்தால் அது ஒரு ஷார்ட். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஹார்டு டிஸ்க். பல வருடம் சுழலாமல் கிடந்த டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. விண்டோஸ் பூட் ஆனால் உடனே ஸ்வாப் ஃபைல், ரெஜிஸ்ட்ரி, ஸ்கேன்டிஸ்க் என்று அதே டிஸ்கில் எழுதத் தொடங்கிவிடும். மதர்போர்டு போனால் இன்னொன்று கிடைக்கும். அந்த டிஸ்கில் இருக்கும் படங்களும் கடிதங்களும் வேறு எங்கும் கிடையாது. ஆகவே டிஸ்கைப் பிரதி எடுப்பது, மின்சாரத்தைச் சரிபார்ப்பது, போர்டை எழுப்புவது என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

திறப்பதும் துடைப்பதும்

கையில் இருக்க வேண்டியவை: நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பென்சில் ரப்பர், தெர்மல் பேஸ்ட், சிஆர் 2032 பட்டன் பேட்டரி ஒன்று, பழைய ஐடிஇ வகை ஹார்டு டிஸ்கை யூஎஸ்பியில் மாட்ட, தனி 12 வோல்ட் அடாப்டருடன் வரும் ஐடிஇ – யூஎஸ்பி கன்வர்ட்டர். சால்டரிங் சாமான்கள் தேவைப்பட்டால் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எதையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். குறிப்பாகப் போர்டின் மூலையில் இருக்கும் மெல்லிய வயர்களை நெருக்கமாக எடுங்கள். பவர் சுவிட்ச், ரீசெட், ஹார்டு டிஸ்க் விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் அங்கேதான் வருகின்றன. மேனுவல் கையில் இல்லாத போர்டில் இந்த ஒரு போட்டோ அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது, ஜம்பர்கள் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடிகள்) எங்கெங்கே மாட்டியிருக்கின்றன என்பதையும் எடுத்து வையுங்கள்.

தூசியை வீட்டுக்குள் தட்டாதீர்கள். மொட்டை மாடியிலோ திண்ணையிலோ வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிரஷ்ஷால் கிளறி புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றால் பேரிங் போய்விடும். நம் ஊர்ப் பெட்டிகளில் தூசியை விட மோசமானது பூச்சி எச்சம். பல்லி எச்சமும் கரப்பான் எச்சமும் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தாமிரத் தடங்களை அரிக்கும். அந்த இடங்களை ஆல்கஹாலில் நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். சுரண்டினால் தடமும் சேர்ந்து வந்துவிடும்.

ராம், ஏஜிபி கார்டு, பிசிஐ கார்டுகளைக் கழற்றி, தங்க நிற முனைகளை ரப்பரால் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது என்பதால் இந்த வேலையைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் இருந்த பெட்டிகளில் 'டிஸ்ப்ளே வரவில்லை' என்ற புகார் பல நேரம் இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும்.

பட்டன் பேட்டரியை இப்போதே எடுத்துவிடுங்கள். மீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் அது குப்பைக்குத்தான். உங்கள் பெட்டி இன்னும் பழையது, 386 அல்லது 486 என்றால், போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்து சுற்றுப்புறம் பச்சை பூத்திருந்தால், பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பச்சை பூத்த இடத்தில் வினிகரைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். கசிந்தது காரம், அதை வினிகரின் அமிலம் சமன் செய்யும். பிறகு தண்ணீர், கடைசியாக ஆல்கஹால் கொண்டு துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

ஹார்டு டிஸ்கைப் பிரதி எடுப்பது

டிஸ்கைப் பெட்டியிலிருந்து கழற்றி, நல்ல நிலையில் இருக்கும் இன்றைய கம்ப்யூட்டர் ஒன்றில் கன்வர்ட்டர் வழியாக மாட்ட வேண்டும். 3.5 அங்குல ஐடிஇ டிஸ்குக்கு 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தேவை. யூஎஸ்பி போர்ட்டிலிருந்து வரும் மின்சாரம் மட்டும் போதாது. அதனால்தான் தனி அடாப்டர் வரும் கன்வர்ட்டரைக் கேட்டு வாங்கச் சொல்கிறோம்.

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்குகள் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். ஜம்பரை 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகளில் 'சிங்கிள்' என்று தனியாக ஒரு நிலை உண்டு. தனியாக மாட்டும்போது அதில்தான் இருக்க வேண்டும். 'மாஸ்டர்' நிலையில் விட்டால் இல்லாத ஸ்லேவைத் தேடிக்கொண்டு, டிஸ்க் கண்ணிலேயே படாமல் போகலாம். ஜம்பர் படம் டிஸ்கின் மேல் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும்.

மின்சாரம் கொடுத்ததும் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். மெல்ல வேகமெடுத்து, ஓரிரு முறை கிர்கிர் என்று தலை நகர்ந்து, பிறகு சீரான இரைச்சலாக நின்றால் நல்ல அறிகுறி. 'டக்... டக்... டக்' என்று ஒரே இடைவெளியில் அடித்துக்கொண்டே இருந்தால் உடனே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. ஒவ்வொரு நொடியும் தட்டின் மேற்பரப்பு கீறப்படலாம். உள்ளே இருப்பது உங்களுக்கு முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுப்பது ஒன்றே வழி. ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம். டிஸ்கின் அடிப்பக்க சர்க்யூட் போர்டை மட்டும் இன்னொன்றிலிருந்து எடுத்து மாற்றுவதும் பல மாடல்களில் பலிக்காது. அந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் அந்தப் போர்டின் சிப்பில் பதிந்திருக்கும்.

டிஸ்க் ஒழுங்காகச் சுழன்றால், விண்டோஸில் மாட்டி ஃபைல்களை இழுத்துப் போடாதீர்கள். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?', 'பிழைகளைச் சரிசெய்யவா?' என்று கேட்கும். எதற்குச் சம்மதித்தாலும் டிஸ்கில் எழுதிவிடும். அதற்குப் பதிலாக, நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுத்த ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள். லினக்ஸிலும் டிஸ்கை மவுன்ட் செய்யாமல் (ஃபோல்டராகத் திறக்காமல்) விடுங்கள்.

டிடி-ரெஸ்க்யூவின் அருமை, அது அடம்பிடிக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது என்பதுதான். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட செக்டார்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாவது சுற்றில் விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் மூன்று முறை முயலச் சொல்லலாம். கூடவே ஒரு மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள். எங்கே நிறுத்தினோம் என்பது அதில்தான் பதிவாகும். கரன்ட் போனாலும், டிஸ்க் சூடேறி நிறுத்த வேண்டி வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த டிஸ்கிலிருந்து எந்த ஃபைலுக்கு என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு என்டரைத் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் மீட்க வந்த டிஸ்க் அழிந்துவிடும். நல்ல நிலையில் உள்ள 40 ஜிபி டிஸ்க் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவரை ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். அந்தக் காலத்து டிஸ்குகள் தொட முடியாத அளவுக்குச் சூடாகும்.

இமேஜ் கிடைத்ததும் அதை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். அசல் டிஸ்கைக் காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுங்கள். இனி அதற்கு வேலை இல்லை.

இமேஜை 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்து, தேட வேண்டியதைத் தேடுங்கள். மை டாக்குமென்ட்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆழத்தில், மறைந்த ஃபோல்டர்களில் கிடக்கும். அப்பாவின் டேலி கணக்குகள் பெரும்பாலும் சி டிரைவில் டேலி என்ற பெயரில் தனி ஃபோல்டராக இருக்கும். எக்ஸ்பியின் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தாலும் கவலை இல்லை. ஃபைல்களைத் தனியாக என்கிரிப்ட் செய்திராதவரை எல்லாம் திறக்கும்.

தமிழில் தட்டச்சு செய்தவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்து வையுங்கள். அந்தக் காலத்தில் தமிழுக்கு யூனிகோட் பரவலாகவில்லை. பாமினி, டிஸ்கி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. அவற்றிலும் ஏராளமான ஆவணங்கள் உண்டு. அந்த வேர்டு ஃபைலைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வேர்டில் அந்த வரியைத் தேர்வு செய்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள், எந்த முறை என்று தெரிந்துவிடும். பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் அந்த முறையைச் சொல்லி யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியபின் மூலத்தையும் எழுத்துருவையும் சேர்த்தே வைத்திருங்கள். மாற்றும் கருவிகள் ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் சில இடங்களில் இடம் மாற்றிவிடும், மூலம் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

எஸ்எம்பிஎஸ்

பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துடைக்கும்போது விரல் பட்டு 115-க்கு நகர்ந்துவிட்டால், நம் மின்சாரத்தில் செருகிய நொடியில் பட்டாசுச் சத்தத்துடன் எஸ்எம்பிஎஸ் போய்விடும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பதை அனுபவம் இல்லாதவர்களுக்குச் சொல்ல மாட்டோம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். வெளியிலிருந்தே சோதிக்கலாம்.

போர்டு, டிரைவ் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிய எஸ்எம்பிஎஸ்ஸை, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் வைத்துச் செருகுங்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு இதற்குப் போதும். எல்இடி பல்பு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் உள்ளே ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் அந்த எஸ்எம்பிஎஸ் முடிந்தது. இந்தச் சோதனையில் தேறியபின் பல்பை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள்.

இப்போது 20 பின் கனெக்டரில் ஊதா வயரை அளவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை எப்போதும் கறுப்பு வயரில். ஊதா, சுவிட்ச் போடாதபோதும் வரும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5.5, 6 என்று காட்டினால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை எந்தப் போர்டிலும் மாட்டாதீர்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்களில் இந்தப் பகுதியின் சிறு கெப்பாசிட்டர் உலரும்போது வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 'நேற்று வரை ஓடியது, இன்று போர்டு செத்துவிட்டது' என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சிறு வயர்த் துண்டால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்கும். லோடு இல்லாமல் எடுக்கும் அளவு பொய் சொல்லும், சில எஸ்எம்பிஎஸ்கள் ஓடவே ஓடாது. ஆகவே பழைய சிடி டிரைவ் ஒன்றை மாட்டிவிட்டு அளவிடுங்கள். மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வோல்ட். சாம்பல் வயரில் 5 வோல்ட்டை ஒட்டி வந்தால் 'எல்லாம் சரி' என்று எஸ்எம்பிஎஸ்ஸே சொல்கிறது என்று பொருள்.

அளவுகள் சரியாக இருந்தாலும் பெயர் தெரியாத பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் புதிதாக ஒன்று வாங்கிவிடுவதுதான் நல்லது. இன்றைய 24 பின் கனெக்டரில் 4 பின் தனியாகக் கழன்று வரும், மீதி 20 பின் பழைய போர்டில் பொருந்தும். வாங்கும்போது லேபிளில் 5 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டர்கள் 12 வோல்ட்டைத்தான் அதிகம் இழுக்கின்றன. பென்டியம் 3 காலத்துப் போர்டுகள் பிராசஸருக்கான மின்சாரத்தையும் 5 வோல்ட்டிலிருந்தே எடுத்தன. பென்டியம் 3-க்கு 15 ஆம்பியர் போதும். ஏஎம்டி ஆத்லான் போர்டுகள் 25 வரை கேட்கலாம். பென்டியம் 4 போர்டுக்குச் சதுரமான 4 பின் 12 வோல்ட் கனெக்டரும் வேண்டும். அதை மாட்ட மறந்தால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது.

போர்டும் கெப்பாசிட்டர்களும்

பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளைகளை டார்ச் அடித்து, பக்கவாட்டிலிருந்து கண்ணை இறக்கிப் பாருங்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும், அதில் பெருக்கல் குறி போலக் கீறல் இருக்கும். கெட்டதில் அந்தக் கீறல் பிளந்து தலை உப்பியிருக்கும். சிலவற்றில் பழுப்பு நிறப் பொருக்கு உட்கார்ந்திருக்கும். இன்னும் சிலவற்றில் தலை தட்டையாகவே இருக்க, அடியிலிருக்கும் ரப்பர் தள்ளப்பட்டு உருளை சாய்ந்து நிற்கும். இந்தக் கடைசி வகையைப் பலர் கவனிப்பதில்லை.

1999 தொடங்கிச் சில வருடங்களில் வந்த போர்டுகளில் இது பெருவாரியாக நடந்தது. சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாததால், உள்ளே வாயு உருவாகி உருளையை உப்ப வைத்தது. அறிகுறிகள் தெளிவானவை: நாலைந்து முறை சுவிட்சைத் தட்டினால்தான் ஓடும், விண்டோஸ் பாதியில் உறையும், சிறிது நேரம் சூடேறியபின் ஒழுங்காக ஓடும்.

மாற்றுவதென்றால் மைக்ரோ ஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட்டேஜ் அதே அளவு அல்லது அதிகம், விட்டம் அந்த இடத்தில் நிற்கும் அளவு, 105 டிகிரி, லோ-ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) வகை. பிராசஸர் அருகே பொதுவாக 6.3 வோல்ட்டில் 1500, 2200 அல்லது 3300 மைக்ரோ ஃபாரட் இருக்கும். ரூபிகான், நிச்சிகான், பானசோனிக் நல்லவை. ரேடியோ உதிரிக் கடையில் கிடைக்கும் சாதாரண வகையைப் போட்டால் முதல் நாள் ஓடும். பிராசஸருக்கான ரெகுலேட்டர் நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டு விட்டுத் தருவதால், அந்த அலைவைத் தாங்காமல் உள்ளே சூடேறி விரைவிலேயே அதுவும் உப்பிவிடும். ஒன்று உப்பியிருந்தால் அதே பிராண்டில் அதே வரிசையில் இருப்பதையெல்லாம் சேர்த்தே மாற்றுங்கள்.

கெப்பாசிட்டரின் உடம்பில் கோடு இருக்கும் பக்கம் நெகட்டிவ். போர்டில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் நெகட்டிவைக் குறிக்கும், ஆனால் சில போர்டுகளில் தலைகீழாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அச்சை நம்பாமல், கழற்றும் முன் எடுத்த போட்டோவை நம்புங்கள். தலைகீழாக மாட்டினால் வெடிக்கும்.

மதர்போர்டு பல அடுக்கு உடையது. கிரவுண்டு அடுக்கு சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். 60 வாட், வெப்பக் கட்டுப்பாடு உள்ளது, 350 முதல் 380 டிகிரி வரை. பழைய பற்றின் மேல் முதலில் புது ஈயத்தை உருக்கி விடுங்கள், பழையது இளகிக் கொடுக்கும். ஒரு காலைச் சூடாக்கி உருளையைச் சற்றே சாய்த்து, மறு காலைச் சூடாக்கி எதிர்ப்பக்கம் சாய்த்து, இப்படி மாறி மாறி வெளியே எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் துளைக்குள் இருக்கும் தாமிரக் குழாயே உருவிக்கொண்டு வரும், பிறகு அந்தப் போர்டைத் தேற்றுவது பெரும் பாடு. இதற்கு முன் பற்றவைத்ததில்லை என்றால் செத்த போர்டு ஒன்றில் பத்து உருளைகளைக் கழற்றிப் பழகுங்கள். இல்லையென்றால் சரியான கெப்பாசிட்டர்களை நீங்களே வாங்கிக்கொண்டு போய், டிவி அல்லது மொபைல் போர்டு வேலை பார்ப்பவரிடம் கொடுங்கள். அவருக்கு அது அரை மணி வேலை.

ஹீட் சிங்க்கைக் கழற்றுவதிலும் கவனம் தேவை. பென்டியம் 4-இல் பேஸ்ட் காய்ந்து பசையாகியிருக்கும். நேராகத் தூக்கினால் லாக் போட்ட சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் சேர்ந்து பிய்ந்து வந்து பின்கள் வளையும். ஹேர் டிரையரால் ஹீட் சிங்க்கைச் சூடாக்கி, இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள். பென்டியம் 3-இல் ஆபத்து வேறு. கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது வழுக்கினால் போர்டின் தடங்களை வெட்டிவிடும், அங்கே ஒரு அட்டையைச் செருகிவிட்டு அழுத்துங்கள். பெரும்பாலானவற்றில் அதன் சிப் மூடியில்லாமல் இருப்பதால் ஹீட் சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுந்தினால் மூலை நொறுங்கும். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு பச்சைப்பயறு அளவு புது பேஸ்ட் நடுவில் வைத்தால் போதும்.

முதல் உயிர்

போர்டைக் கேபினெட்டுக்குள் மாட்டாமல், மர மேசையில் ஒரு அட்டையின் மேல் வையுங்கள். வெள்ளி நிற ஆன்டி-ஸ்டேட்டிக் கவரின் மேல் வைக்க வேண்டாம், அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தும். பிராசஸர், ஹீட் சிங்க், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், ஸ்பீக்கர், மானிட்டர். இவ்வளவுதான். ஹார்டு டிஸ்க் வேண்டாம், சிடி டிரைவ் வேண்டாம். 810 போர்டில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனிக் கார்டும் வேண்டாம். புது பட்டன் பேட்டரியைப் பிளஸ் மேலே இருக்கும்படி போடுங்கள். சீமாஸ் கிளியர் ஜம்பரை (போர்டில் சேமித்த பழைய அமைப்புகளை அழிப்பது), மின்சாரம் இல்லாதபோது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிப் பத்து நொடி விட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போர்டு எழும். ஹீட் சிங்க் இல்லாமல் 'ஒரு நொடிதானே' என்று பார்க்காதீர்கள். பழைய ஆத்லான் சில நொடிகளில் கருகிவிடும்.

ஒரு சிறு பீப் கேட்டால் நல்லது. போர்டை முதலில் எழுப்பும் மென்பொருளுக்குப் பையாஸ் என்று பெயர். அவார்டு பையாஸில் ஒரு நீள பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் என்றால் டிஸ்ப்ளே கார்டு. நிற்காமல் நீள பீப்பாக வந்தால் ராம். ஏஎம்ஐ பையாஸில் எட்டு குட்டை பீப் டிஸ்ப்ளே பக்கம் கைகாட்டுகிறது. பீப்பே இல்லை, திரையும் கறுப்பு என்றால் ராமைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது பீப் வந்தால் பிராசஸரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன, கோளாறு ராமிலோ அதன் ஸ்லாட்டிலோ இருக்கிறது. அப்போதும் மௌனம் என்றால் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் 'போஸ்ட்' சோதனைக் கார்டு ஒன்று வாங்குங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்பதை எண்ணாகக் காட்டும்.

வேறு ராம் வாங்குவதென்றால் வெட்டுகளை எண்ணுங்கள். எஸ்டிராம் 168 பின், அடியில் இரண்டு வெட்டு. டிடிஆர் 184 பின், ஒரே வெட்டு. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

திரையில் 'சீமாஸ் செக்சம் எரர்' வரும். பயப்பட ஒன்றுமில்லை, பேட்டரி மாற்றியதன் விளைவு அது. பையாஸுக்குள் போய் டிஃபால்ட் மதிப்புகளை ஏற்றி, தேதியைச் சரிசெய்து சேமியுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை சிடியில் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்றுகூட வரக் கூடாது. இதைத் தாண்டாமல் விண்டோஸ் பக்கம் போனால், கோளாறு டிரைவரிலா ராமிலா என்று தெரியாமல் நாட்கணக்கில் சுற்ற வேண்டியிருக்கும்.

அதன்பின் ஒவ்வொன்றாக மாட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஐடிஇ கேபிளில் நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் சாம்பல் ஸ்லேவுக்கு. சிவப்புக் கோடு டிரைவின் பவர் கனெக்டர் பக்கம் வர வேண்டும். ஃபிளாப்பி டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழ். சிடி டிரைவின் தட்டு பாதியில் மாட்டிக்கொண்டால் உள்ளே சிறு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், டேப் ரெக்கார்டர் பெல்ட் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பழைய திரை மறுபடி வர

அசல் டிஸ்க் அலமாரியில் இருக்கட்டும். அதன் இடத்தில் சாட்டா – ஐடிஇ கன்வர்ட்டருடன் ஒரு சிறிய எஸ்எஸ்டி, அல்லது ஐடிஇ அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போடலாம். எடுத்து வைத்த இமேஜை அதே டிடி-ரெஸ்க்யூவால் அதில் எழுதினால், கடைசியாக ஷட் டவுன் செய்த நாளின் டெஸ்க்டாப் அப்படியே எழும். புதுச் சேமிப்பகம் பழையதை விட ஓரளவாவது பெரிதாக இருக்க வேண்டும், அளவுக்கு மீறிப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. விண்டோஸ் 98-க்கும், சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பிக்கும் 137 ஜிபி எல்லை. அதைத் தாண்டி எழுதினால் டேட்டா ஒன்றன் மேல் ஒன்று விழும். அந்தக் காலத்துச் சில பையாஸ்கள் 32 ஜிபிக்கு மேல் பார்த்தாலே உறைந்துவிடும்.

ராமைக் கூட்டும் ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 98 உள்ள பெட்டியில் 512 எம்பியைத் தாண்டாதீர்கள். தாண்டினால் 'மெமரி போதவில்லை' என்றே புகார் சொல்லும். கேஷ் நிர்வாகத்தில் உள்ள குறை அது.

விண்டோஸை முதலிலிருந்து நிறுவ வேண்டி வந்தால் டிரைவர்களை இந்த வரிசையில் போடுங்கள்: சிப்செட், டிஸ்ப்ளே, சவுண்டு, நெட்வொர்க். போர்டுடன் வந்த சிடி தொலைந்திருந்தால் சிப்புகளின் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்து அதற்குரிய டிரைவரைத் தேடுங்கள். பழைய இமேஜிலேயே டிரைவர் ஃபோல்டர்கள் கிடக்க வாய்ப்பு அதிகம், முதலில் அங்கே பாருங்கள்.

இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம். விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையிலும் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஃபைல்களைச் சிடியிலோ, 'ஃபேட் 32'-இல் ஃபார்மட் செய்த பென் டிரைவிலோ மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்பி பென் டிரைவைத் தானாக அடையாளம் காணும், 98-க்குத் தனி டிரைவர் போட வேண்டும்.

மானிட்டர், யூபிஎஸ், மஞ்சள் பூத்த கேபினெட்

பழைய சிஆர்டி மானிட்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். வெளியே துடைத்து, இரண்டு மூன்று நாள் உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு ஓட்டுங்கள். 'சடசட' என்று பொறி பறக்கும் ஒலி நிற்காமல் வந்தால் அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். விஜிஏ போர்ட் உள்ள எந்த எல்சிடியும் இந்தப் பெட்டிக்குப் போதும்.

கூடவே பரணிலிருந்து வந்த யூபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நிச்சயம் செத்திருக்கும், உப்பியும் இருக்கலாம். உப்பியதை நெம்பிக் குத்தி எடுக்காமல், ஸ்க்ரூக்களைக் கழற்றி மெதுவாக வெளியே எடுத்து, பேட்டரிக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாலே பாதி அழகு வந்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். இன்னும் வெளுக்க வேண்டுமென்றால் சலூன் சாமான் கடைகளில் கிடைக்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைக் கையுறையுடன் சீராகத் தடவி, கிளிங் ஃபிலிமால் சுற்றி வெயிலில் வையுங்கள். உலோகப் பாகங்களும் ஸ்டிக்கர்களும் முன்பே கழன்றிருக்க வேண்டும். வெளுக்க வெயிலின் புற ஊதாக் கதிர் போதும், கடும் சூடு தேவையில்லை. சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதில் வைத்தால் கிரீம் ஆங்காங்கே காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும், அந்தத் திட்டு பிறகு போகாது. காலை எட்டு மணி வெயிலில் தொடங்கி, அரை மணிக்கு ஒரு முறை திருப்பி, காய்ந்த இடத்தில் கிரீமைப் புதிதாகத் தடவுங்கள். சில வருடங்களில் மறுபடி மஞ்சளாகலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

ஓடத் தொடங்கிய பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற வேண்டாம், அங்கே சூடும் பூச்சியும் அதிகம். கார்டு கழற்றிய இடங்களில் பின்பக்க ஓட்டைகளைத் தகடு போட்டு மூடுங்கள், பல்லி நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட விட்டால் கெப்பாசிட்டர்கள் நல்ல நிலையில் இருக்கும். பல மாதம் தொடப் போவதில்லை என்றால் பையாஸ் அமைப்புகளைப் போட்டோ எடுத்து, பிறகு பட்டன் பேட்டரியைக் கழற்றி, இரண்டையும் ஒரு கவரில் போட்டுக் கேபினெட்டின் உள்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.